கிரீன் ஸ்டார் பாலிப்: அழகுக்குக் குறையில்லை, அந்த ஊதாப் பாய்தான் பிரச்சினை

புதிதாக ரீஃப் டேங்க் (பவளங்கள் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி) வைத்திருக்கும் நண்பர் ஒருவர், "முதல் கோரலா ஜிஎஸ்பி வாங்கலாமா?" என்று கேட்டிருந்தார். கோரல் என்றால் பவளம், ஜிஎஸ்பி என்பது கிரீன் ஸ்டார் பாலிப் என்ற மென்பவளத்தின் சுருக்கம். இரண்டு வருஷத்துக்கு மேல் வைத்திருப்பதால் சொல்ல நிறையவே இருக்கிறது.

வளர்க்க இதைவிடச் சுலபமான கோரல் நான் பார்த்ததில்லை. நைட்ரேட் கொஞ்சம் ஏறி இறங்கினாலும் கண்டுகொள்ளாது, சுமாரான வெளிச்சமும் நல்ல நீரோட்டமும் போதும். நீல விளக்கில், வேவ்மேக்கர் தள்ளும் தண்ணீருக்கு மொத்தப் பச்சையும் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிர்வதைப் பார்த்தால் எழுந்து போகவே மனசு வராது.

என் கோபமெல்லாம் அடியில் இருக்கும் ஊதாப் பாய் மேல்தான். "மெதுவாத்தான் படரும்" என்று சொல்லித்தான் கடையில் விற்றார்கள். மணலில் தனிப் பாறையில்தான் வைத்தேன், ஆனாலும் ஒரு துணுக்கு மிதந்துபோய் பின்பக்கக் கண்ணாடியில் ஒட்டி, அங்கிருந்து மான்டிபோரா என்ற கல் பவளத்தின் மேல் ஏறிவிட்டது. நேற்று உரித்துப் பார்த்தால் மூடியிருந்த இடம் முழுக்கச் செத்து வெள்ளை. அந்த மான்டிபோரா என்னிடம் வந்தபோது வெறும் அரை அங்குலத் துண்டு.

ஆரம்பத்தில் கண்டுபிடிப்பதும் சிரமம். பாலிப்புகள் (பாயிலிருந்து பூ மாதிரி விரியும் சின்ன உடல்கள்) உள்ளே இழுத்துக்கொண்டால் வெறும் ஊதாப் படலம்தான் தெரியும், பாறையில் படியும் கோரலைன் பாசியும் கிட்டத்தட்ட அதே நிறம். நகத்தால் கீறிப் பாருங்கள். கோரலைன் கெட்டி, செதிலாகப் பெயரும். ஜிஎஸ்பி மெத்தென்று அமுங்கும், நுனி கிடைத்தால் தோசை ஓரம் எழும்புகிற மாதிரி அப்படியே உரிந்து வரும். விரிந்திருந்தால் ஒவ்வொரு பாலிப்புக்கும் எட்டுக் கைகள். எட்டுக்கு மேல், பழுப்பாக, கூர்மையான கைகளோடு தனித்தனியாக நின்றால் அது ஐப்டேசியா, டேங்கில் களை மாதிரிப் பெருகும் கடல் அனிமோன். அதை வெட்டவே கூடாது, பாறையில் தங்கும் சின்னத் துணுக்கும் புதிதாக முளைக்கும். பெப்பர்மின்ட் இறால் விட்டுப் பார்க்கலாம், இல்லையென்றால் ஐப்டேசியாவை மட்டுமே தின்னும் பெர்கியா கடல்நத்தை. அகலமான தட்டும் ஓரத்தில் குட்டைக் கைகளும் இருந்தால் ஸோவாந்திட் என்ற இன்னொரு பாலிப் வகை. அவற்றில் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு, அந்தப் பாறையைச் சுரண்டுவதோ வெந்நீரில் போடுவதோ கூடவே கூடாது, தயவுசெய்து இதில் விளையாடாதீர்கள்.

ஜிஎஸ்பியை உரிக்கும்போது முதலில் பம்புகளை எல்லாம் நிறுத்துங்கள். ஓரத்தைப் பிளேடால் கிளப்பி, பக்கத்திலேயே சைஃபன் குழாயைப் பிடித்துத் துணுக்குகளை உறிஞ்சிவிட வேண்டும், ஒன்று தப்பினாலும் அது எங்காவது போய் ஒட்டும். பாறையின் குழிகளுக்குள் போனதை முழுசாக எடுக்க முடியாது. கால்க் பசை (கால்சியம் ஹைட்ராக்சைடு, அதாவது நீற்றிய சுண்ணாம்பைக் குழைத்தது) தடவலாம்தான், ஆனால் ஒரே நாளில் நிறையத் தடவினால் பிஎச் எகிறிவிடும், அப்புறம் மற்ற உயிர்களுக்கும் ஆபத்து.

இதற்கென்றே தனியாக ஒரு சின்ன டேங்க் வைப்பதாக இருந்தால் சொல்லுங்கள், நானே உரித்துத் தருகிறேன். கல் பவளம் வளர்க்கிற ஆசை இருந்தால் ஓசியில் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.