நாயோடு படகுப் பயணம் என்று முத்துப்பேட்டைக்கு முன்பணம் அனுப்பிவிடாதீர்கள்

கும்பகோணத்திலிருந்து எழுதுகிறேன். ‘செல்லப்பிராணிகளுடன் ஹவுஸ்போட், வேதாரண்யம் கால்வாய் முதல் முத்துப்பேட்டை லகூன் வரை’ என்று ஒரு விளம்பரம் கொஞ்ச நாளாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. டெல்டாவில் நாய் வளர்ப்பவர்கள் யாராவது அதைப் பார்த்து ஆசைப்பட்டிருந்தால் இதைப் படித்துவிட்டுப் பணம் அனுப்புவதைப் பற்றி யோசியுங்கள். எங்களுக்கு 12,000 ரூபாய் போனது. அது போனால் போகட்டும். எங்கள் லேப்ரடார் நாய் டோரா இரண்டு நாள் டிரிப்ஸ் ஏற்றிக்கொண்டு கிடந்தாள், அதைத்தான் என்னால் விட முடியவில்லை.

ஆசையைக் கிளப்பியது என் மகள். அமெரிக்காவின் கிழக்குக் கரையில் கடலை ஒட்டி உள்பக்கமாகவே ஒரு நீர்வழி ஓடுகிறது. ஆறு, காயல், வெட்டிய கால்வாய் எல்லாம் சேர்ந்த வழி. நார்ஃபோக் என்ற ஊரிலிருந்து தெற்கே ஃபுளோரிடா வரை அதிலேயே போய்விடலாம். குளிர் வந்தால் படகிலேயே குடித்தனத்தை ஏற்றிக்கொண்டு தெற்கே கிளம்பும் ஆட்கள் இருக்கிறார்கள், நாயையும் கூட்டிக்கொண்டு. காலையிலும் மாலையிலும் ஒரு குட்டிப் படகில் நாயைக் கரைக்கு அழைத்துப்போய் வருகிறார்கள். கரை இல்லாத இடத்தில் சமாளிக்க, படகுத் தளத்தில் செயற்கைப் புல் விரித்து அதில் ஒன்றுக்குப் போகப் பழக்குகிறார்கள். ராத்திரியெல்லாம் அந்த வீடியோக்களைப் பார்த்துவிட்டு, “நம்ம ஊர்லயும் கால்வாய் இருக்குல்லம்மா?” என்று கேட்டாள்.

இருக்கத்தான் செய்கிறது. நாகப்பட்டினத்திலிருந்து வேதாரண்யம் பக்கம் போகும் கால்வாய் 1860களில் வெட்டியது. ஒரு காலத்தில் உப்பு ஏற்றிய படகுகள் போன வழி. இன்றைக்கு அதில் பல இடங்கள் தூர்ந்து, கரையெல்லாம் சீமைக்கருவை மண்டிக் கிடக்கிறது. ஹவுஸ்போட் போகிற வழியா அது? விளம்பரத்தில் ‘பக்கிங்காம் கால்வாயின் தொடர்ச்சி’ என்று வேறு போட்டிருந்தார்கள். பக்கிங்காம் கால்வாய் மரக்காணம் பக்கத்திலேயே முடிந்துவிடுகிறது. அதற்கும் நாகைக்கும் நடுவில் கடலூர் இருக்கிறது, கொள்ளிடம் இருக்கிறது. எட்டாம் வகுப்புப் பிள்ளை வரைபடத்தை விரித்தால் கண்டுபிடிக்கிற பொய். நான் அன்றைக்குப் படத்தை மட்டும்தான் பார்த்தேன். மூங்கில் கூரை போட்ட பெரிய வள்ளம், முன்பக்கம் சாய்வு நாற்காலி, அதில் ஒரு நாய். எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு மகள் அந்தப் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள். பின்னால் இருந்த கடையின் பெயர்ப் பலகை மலையாளத்தில் இருந்தது.

போனில் பேசியவர் நல்ல இனிப்பாகப் பேசினார். “மேடம், நம்மகிட்ட பெட்ஸும் ஃபேமிலிதான்.” நான் நாலு விஷயம் கேட்டேன்: நிழல் இருக்குமா, நடுவில் நாய்களை இறக்கிவிடக் கரை உண்டா, வனத்துறை அனுமதி யார் வாங்குவது, குடிதண்ணீர் எவ்வளவு கொண்டுவர வேண்டும். எல்லாவற்றுக்கும் “அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம்” என்றார். தண்ணீருக்கு மட்டும் கூடுதலாக ஒரு விளக்கம்: “தூக்கிச் சுமக்காதீங்க மேடம், ஆத்துலதான போறோம், ஆத்துத் தண்ணி நாய்க்கு ஒண்ணும் பண்ணாது.”

இந்த இடத்தில் நான் விழித்திருக்க வேண்டும். நான் காவிரித் தண்ணீர் குடித்து வளர்ந்தவள். மேட்டூர் ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவது இங்கே எல்லாருக்கும் பிறந்தநாள் மாதிரி மனப்பாடம். நாங்கள் போனது மார்ச் முதல் ஞாயிறு. அந்த நேரத்தில் கடைமடையில் ரெகுலேட்டருக்கு, அதாவது ஆற்றின் குறுக்கே இருக்கும் மதகுக்கு, கீழே கிடப்பது ஆற்றுத் தண்ணீரே இல்லை, கடல் ஏற்றத்தில் உள்ளே வந்த உப்புத்தண்ணீர். தெரிந்திருந்தும் தலையாட்டிவிட்டு ஐந்து லிட்டர் கேன் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு போனேன். இதில் அவரைத் திட்டும்போதெல்லாம் என்னையும் சேர்த்துத்தான் திட்டிக்கொள்கிறேன்.

கட்டணம் 12,500. அதற்கு மேல் தலைக்கு, அதாவது நாய்த் தலைக்கு, 750; எங்களிடம் இரண்டு நாய்கள். முன்பணம் 7,000 ஜிபேயில் போட்டோம். மீதி 7,000 கரையில் ரொக்கமாகக் கொடுக்க வேண்டும் என்றார்கள். ரசீது கேட்டதற்கு “வாட்ஸ்அப்ல வரும்” என்றார்கள்.

நீடாமங்கலம், மன்னார்குடி வழியாக விடிகாலையில் கிளம்பினோம். முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குப் போகிறவர்கள் ஜாம்புவானோடை படகுத்துறையில்தான் ஏறுவார்கள். எங்களை அங்கே வரச் சொல்லவில்லை. ஒரு லொகேஷன் அனுப்பினார்கள். அது ஓர் இறால் பண்ணைக்குப் பின்னால் இருந்த வெறும் ஆற்றங்கரையில் கொண்டுபோய் நிறுத்தியது. ஹவுஸ்போட்டைக் காணோம். மீன் பிடிக்கிற ஃபைபர் படகு ஒன்று கிடந்தது. கூரை இல்லை. உள்ளே நேற்றைய வலையின் கவிச்சு. எண் எதுவும் எழுதியிருக்கவில்லை. அறுபது வயது மதிக்கத்தக்க படகுக்காரர் எங்களையும் நாய்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ஏம்மா, நாயெல்லாமா கூட்டியாந்திருக்கீங்க?”

“சொல்லித்தானே அண்ணே பணம் கட்டினோம்?”

“எங்கிட்ட மூணு பேருன்னுதான் சொன்னாங்க. ஆயிரத்தைந்நூறுதான் குடுத்திருக்காங்க.”

நாங்கள் கட்டியது 14,000. அவர் கைக்குப் போனது 1,500. அப்பவே திரும்பியிருக்கலாம். ஆனால் ரொக்கத்தை வாங்கிப் பையில் வைத்துக்கொண்ட ‘கைடு’ பையன், ஹவுஸ்போட் லகூனில் ஆழமான இடத்தில் நிற்கிறது, இந்தப் படகு அதுவரைக்கும்தான் என்றான். மகள் ஏற்கெனவே படகில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். சரி என்று ஏறினோம். லைஃப் ஜாக்கெட் மூன்றுதான் இருந்தது. பெரியவர்களுடையது இரண்டு, அதில் ஒன்றுக்குப் பட்டை அறுந்திருந்தது. மூன்றாவது சின்னப் பிள்ளைகள் போடுவது. அதை எங்கள் நாட்டு நாய் மணிக்கு மாட்டிவிட்டுப் பையன் விதவிதமாகப் படம் எடுத்தான். எங்களுக்கும் அப்போது அது வேடிக்கையாகத்தான் இருந்தது.

முதல் அரைமணி நேரம் நன்றாகவே இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். இரண்டு பக்கமும் அலையாத்தி மரங்கள் தண்ணீரில் கால் நனைத்து நிற்கின்றன. சேற்றிலிருந்து மூச்சுவேர்கள் பென்சிலை நட்டுவைத்த மாதிரி ஆயிரக்கணக்கில் நீட்டிக்கொண்டிருக்கின்றன. கஜா புயலில் பட்டுப்போன மரங்கள் நடுநடுவே வெள்ளையாக நின்றன. 2018 நவம்பர் இந்தப் பக்கத்து ஆட்களுக்கு மறக்காது. படகுக்காரர் அதைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார். ஒரு கிளை குறுக்கே வந்தபோது என் கணவர் கையை நீட்ட, “தொடாதீங்க தம்பி, அது தில்லை. பாலு கண்ணுல பட்டா கண்ணு போயிடும். நாயையும் கிட்ட விடாதீங்க” என்று தடுத்தார். அன்றைக்கு எங்களுக்கு உருப்படியாகச் சொன்ன ஒரே ஆள் அவர்தான்.

பத்து மணிக்கு மேல் வெயில் ஏறியது. ஃபைபர் தரையில் கை வைத்துப் பார்த்தேன், இரண்டு விநாடி வைக்க முடியவில்லை. நமக்குச் செருப்பு இருக்கிறது. நாய்க்கு உடம்பு வேர்ப்பதில்லை, நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். டோரா நின்ற இடத்தில் நிற்க முடியாமல் நாலு காலையும் மாற்றி மாற்றித் தூக்கினாள். துண்டை நனைத்து விரித்தோம், அதுவும் பத்து நிமிடத்தில் காய்ந்து சுட்டது. கேன் தண்ணீர் ஐந்து பேருக்கும் இரண்டு நாய்க்கும் எந்த மூலைக்கு? நாங்கள் பார்க்காத நேரத்தில் டோரா படகு விளிம்பில் தலையைத் தொங்கவிட்டு நக்கி நக்கிக் குடித்திருக்கிறாள். லேப்புக்குத் தண்ணீரைக் கண்டால் போதும், உப்பு, சப்பு எல்லாம் ஒன்றுதான்.

கரையில் இறங்கலாம் என்று பையன் சொன்ன இடத்தில் கரை என்று ஒன்று இல்லை. முழங்கால் சேறு. காலையிலிருந்து அடக்கிக்கொண்டிருந்த மணி தாவிக் குதித்துவிட்டான். மூச்சுவேருக்கு நடுவே ஓடி, சிப்பி ஓடு கிழித்து, இரண்டு பாதத்திலும் ரத்தத்தோடு வந்தான். அந்த வீடியோக்காரர்கள் தினம் இரண்டு வேளை நாயைக் கரைக்குக் கொண்டுபோகிறார்களே, அதற்கு அங்கே படகுத்துறை இருக்கிறது, மணல் இருக்கிறது. இங்கே காடே கரையாக நிற்கிறது. இது எனக்கு அங்கே நின்றபோதுதான் உறைத்தது.

லகூனில் ஹவுஸ்போட் இல்லை. இருக்கவும் முடியாது. பல இடங்களில் இடுப்பளவுகூட ஆழமில்லை, வற்றத்தின்போது எங்கள் படகே தட்டி நின்று, பெரியவர் இறங்கிக் கழி போட்டுத் தள்ளினார். அங்கேதான் வனத்துறைப் படகு வந்து மறித்தது.

“யாருங்க உங்கள இந்தப் பக்கமா அனுப்புனது? பர்மிஷன் எங்க?”

இல்லை. வாங்கவே இல்லை. அதனால்தான் துறையில் ஏற்றாமல் பண்ணைக்குப் பின்னால் ஏற்றியிருக்கிறார்கள். காப்புக்காட்டுக்குள் நாயைக் கொண்டுவருவதே தப்பு என்று அந்த வனக்காப்பாளர் பொறுமையாக விளக்கினார். வலசை வரும் பறவைகள் கலையும், காட்டில் நரி இருக்கிறது, வீட்டு நாயிடமிருந்து அதற்கு நோய் தொற்றும். அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூட எனக்குத் தப்பாகத் தெரியவில்லை. எழுதி வாங்கிக்கொண்டு திருப்பி அனுப்பினார்.

திரும்பும் வழியில் டோரா வாந்தி எடுக்கத் தொடங்கினாள். கரைக்கு வந்தபோது நிற்க முடியவில்லை. மன்னார்குடி வருவதற்குள் வயிறும் போக ஆரம்பித்துவிட்டது. மருத்துவர் பார்த்தபோது காய்ச்சல் 105 டிகிரி, நாய்க்குச் சாதாரணமாக 101, 102 இருக்கும். ஈரத்துணி, மின்விசிறி, டிரிப்ஸ். நான் பதறிப்போய்ப் பாத்திரம் நிறையத் தண்ணீர் வைக்கப் போனேன், அவர் தடுத்தார். உப்புத்தண்ணீர் நிறையக் குடித்த நாய்க்கு ஒரேயடியாக நல்ல தண்ணீர் கொடுக்கக் கூடாதாம், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கொடுக்க வேண்டுமாம், இல்லையென்றால் மூளையைப் பாதிக்கும். இதை மட்டுமாவது எங்காவது குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது இனிப்பெல்லாம் போய்விட்டது. “ஃபாரஸ்ட்காரங்க திருப்பி அனுப்புனா நாங்க என்ன பண்ணுவோம்?” அப்புறம் “உங்க நாய்தான் படகை அசிங்கம் பண்ணுச்சு, கிளீனிங் சார்ஜ் இருக்கு” என்றார்கள். பத்து நாள் விடாமல் பேசி 2,000 வந்தது. அதன்பிறகு என் எண்ணை பிளாக் செய்துவிட்டார்கள்.

1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசிப் புகார் பதிவு செய்திருக்கிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகப்போகிறோம். 2019 சட்டப்படி நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், முத்துப்பேட்டைக்காகத் திருவாரூருக்கு அலைய வேண்டாம், தஞ்சாவூரிலேயே முடியும். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை. ரசீது தராததால் ஜிபே விவரம், வாய்ஸ் மெசேஜ், அந்த லொகேஷன், மருத்துவர் சீட்டு எல்லாவற்றையும் எடுத்துவைத்திருக்கிறேன். ஒன்றையும் அழித்துவிடாதீர்கள். படகுக்காரரை இதில் இழுக்கவில்லை, அவரும் ஏமாந்தவர்தான்.

நீங்கள் நாய் இல்லாமல் போவதாக இருந்தாலும் சரி, பேசுகிற ஆளிடம் படகு அவருடையதா என்று கேளுங்கள். இல்லை என்றால் படகுக்காரரின் எண்ணை வாங்கி அவரிடமே பேசுங்கள், எத்தனை பேர், என்னென்ன வருகிறது என்று. 2021 உள்நாட்டு நீர்க்கலன் சட்டப்படி பதிவு, தகுதிச் சான்று, காப்பீடு எல்லாம் இருக்க வேண்டும். கேட்டால் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். 2023 மே மாதம் கேரளத்தில் தானூரில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் செத்தார்களே, அதுவும் மீன்பிடிப் படகை மாற்றிக் கட்டியதுதான். வனத்துறை அனுமதி உங்கள் பெயரில் உங்கள் கையில் இருக்க வேண்டும். நாயை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள், அல்லது வேறு எங்காவது போங்கள்.

டோரா இப்போது நன்றாகச் சாப்பிடுகிறாள். மணிக்குப் பாதம் ஆறிவிட்டது, கார் கதவைத் திறந்தால் மட்டும் கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறான்.

போன வாரம் அந்த விளம்பரம் மறுபடி வந்தது. கேரளா படத்தை எடுத்துவிட்டார்கள். இப்போது ஆரஞ்சு லைஃப் ஜாக்கெட் போட்ட செம்பழுப்பு நிற நாய் ஒன்று வாயைத் திறந்து, நாக்கைத் தொங்கப்போட்டுச் சிரிக்கிற மாதிரி இருக்கிறது. கீழே ‘எங்கள் மகிழ்ச்சியான விருந்தாளி’ என்று எழுதியிருக்கிறார்கள். அது எங்கள் மணி. வெயில் தாங்காமல் இரைத்துக்கொண்டிருக்கிறான்.