ஏர் டிரையர்: வருஷக்கணக்கா லாரி ஓட்டினதுல தெரிஞ்சுகிட்டது

லாரி பிரேக் கம்ப்ரஸர் அமுக்கி டேங்க்ல சேக்கற காத்துலதான் வேலை செய்யுது, அந்தக் காத்துலருந்து ஈரத்த எடுக்கறதுதான் ஏர் டிரையர். டேங்க் டிரெயின் வால்வ (அடில இருக்கற தண்ணி திறந்துவிடற வால்வு) திறந்தா வெறும் காத்துதான் வரணும், தண்ணி வரக்கூடாது. டிரையர் வேலை செய்யுதா இல்லையான்னு பாக்க இதவிட சுலபமான டெஸ்ட் எனக்குத் தெரியல. டிரையரே இல்லாத பழைய வண்டியும் ஓட்டிருக்கேன், அதுல திறந்தா துருத்தண்ணிதான் முதல்ல வரும், அந்தத் தண்ணிதான் வால்வுக்குள்ள போய் கிரீஸ கழுவி விட்டுட்டு ரிலே வால்வ (பின் பிரேக்குக்கு காத்த சீக்கிரம் அனுப்பற வால்வு) சிக்க வைக்கும், குளிர் ஊர்ல போனா லைனுக்குள்ளயே உறைஞ்சும் போயிடும்.

இந்தத் தண்ணி வெளியிலருந்து வர்றதில்ல, காத்துலயே இருக்கற ஈரம்தான். கம்ப்ரஸர் 8 பாருக்கு அமுக்கும்போது சுமார் 9 பங்கு இடத்துல இருந்த காத்து ஒரு பங்கு இடத்துக்குள்ள அடைபடுது, ஆனா அந்த இடத்தால ஒரு பங்கு ஈரத்தத்தான் ஆவியா வச்சுக்க முடியும், மிச்சம் காத்து ஆறினதும் தண்ணியா இறங்கிடுது. டிரையர் பாடிக்குள்ள முதல்ல இந்தத் தண்ணியும் எண்ணெயும் கொஞ்சம் கீழ தங்கும், அப்புறம் கார்ட்ரிட்ஜ்ல (கழட்டி மாத்தற டப்பா) இருக்கற டெசிகண்ட் மணிங்க, அதாவது ஈரத்த இழுக்கற சின்னச் சின்ன உருண்டைங்க, மிச்ச ஈரத்த தன் மேல ஒட்ட வச்சுக்கும்.

சரி, மணி நிறைஞ்சுட்டா? அங்கதான் அந்த "புஸ்ஸ்" சத்தம். பிரஷர் கட்-அவுட் வந்ததும், அதாவது டேங்க் போதுமான அளவு நிறைஞ்சு கம்ப்ரஸர் காத்து அனுப்பறத நிறுத்தற அளவு வந்ததும், கீழ பர்ஜ் வால்வு (அழுக்க வெளிய தள்ளற வால்வு) திறக்குது, தேங்கின தண்ணி எண்ணெய் எல்லாம் அடிச்சுகிட்டு வெளிய போகுது, அதோட காய்ஞ்ச காத்து கொஞ்சம் ரிவர்ஸ்ல மணிங்க வழியா வருது. அது பிரஷர் இறங்கி விரியறதால ரொம்ப வறண்ட காத்தா ஆயிடும், மணில ஒட்டின ஈரத்த அதுவே வாங்கிட்டுப் போயிடும்.

அப்போ கட்-அவுட் வராத வண்டில டிரையர் காயவே காயாது, இத நிறைய பேர் யோசிக்கறதில்ல. எங்க வண்டி ஒண்ணுல புது கார்ட்ரிட்ஜ் போட்டும் கொஞ்ச நாள்லயே டேங்க்ல தண்ணி. பீஸ் டூப்ளிகேட்னு ஆளாளுக்கு சொன்னாங்க. கேஜ பாத்தா முள்ளு ஏறுது ஏறுது, கட்-அவுட்டத் தொடவே மாட்டேங்குது, கம்ப்ரஸர் ஓயாம காத்த அமுக்கிகிட்டே ஓடுது. சோப்புத்தண்ணி அடிச்சுப் பாத்தப்போ பின்னாடி பிரேக் சேம்பர் (காத்தால பிரேக்க தள்ளற டப்பா) ஹோஸ் ஜாயின்ட்ல நுரை பொங்குச்சு, அங்கதான் காத்து லீக். அத சரி பண்ணதும் புஸ்ஸ் சத்தம் ஒழுங்கா வர ஆரம்பிச்சுது, தண்ணியும் போகப்போகக் குறைஞ்சுது, கார்ட்ரிட்ஜ தொடவே இல்ல.

எண்ணெய் விஷயம் வேற. மணி மேல எண்ணெய் படிஞ்சா எத்தன தடவ பர்ஜ் ஆனாலும் திரும்ப சரியாகாது. டிரெயின் பண்ணும்போது பால் மாதிரி வழவழன்னு வந்தா எண்ணெயும் தண்ணியும் கலந்து வருதுன்னு அர்த்தம், கம்ப்ரஸரப் பாக்காம கார்ட்ரிட்ஜ் மட்டும் மாத்தறது வீண் செலவு. எண்ணெய் பிரிக்கற ஃபில்டரோட வர்ற கார்ட்ரிட்ஜ் போட்ட வண்டிக்கு திரெட் சேருதேன்னு சாதா கார்ட்ரிட்ஜ் போடாதீங்க. பழைய மணிய டீசல்ல கழுவி காயவச்சுப் போடற வேலையெல்லாம் எனக்கு சுத்தமா பிடிக்காது.

கம்ப்ரஸர்லருந்து டிரையருக்கு வர்ற பைப்ப சிலர் உடைஞ்சதும் குட்டையா வெட்டி சேத்துடறாங்க. அந்த நீளம் காத்து ஆறறதுக்குத்தான் குடுத்திருக்கு, டிரையருக்குள்ள நுழையும்போது சுமார் 65 டிகிரிக்குள்ள இருந்தா நல்லது, சூடா போனா மணி ஈரத்தப் பிடிக்காது. பைப் நடுவுல தொங்கலும் இருக்கக்கூடாது, தண்ணி நிக்கும். குளிர் பக்கம் ஓட்டறவங்க பர்ஜ் வால்வு பக்கத்துல இருக்கற ஹீட்டரோட வயர் கனெக்‌ஷனையும் பாத்துக்கோங்க.

கார்ட்ரிட்ஜ் மாத்தற கெடு கம்பெனி மேனுவல்ல இருக்கும், அடிக்கடி பிரேக் அடிக்கற டவுன் பஸ்ஸுக்கு லாங் ரூட் லாரியவிட சீக்கிரமே வரும். கழட்டறதுக்கு முன்னாடி எல்லா டேங்க்லயும் காத்த இறக்கிடுங்க, டிரையருக்குள்ளயும் பிரஷர் நிக்கும், ஒரு மரை கழண்டதும் மூஞ்சில அடிக்கும். டேங்க்லருந்து வெள்ளப் பொடி வந்தா மணி உடைஞ்சு போயிருக்கு, அந்தப் பொடி வால்வுங்களுக்கும் போயிருக்கும், அப்போ கார்ட்ரிட்ஜோட நிறுத்தாம டேங்க், லைன், வால்வு மொத்தத்தையும் கிளீன் பண்ணித்தான் ஆகணும்.