பொட்டலத்தில் வரும் அமெரிக்கப் பழங்காசு நகல்கள்: எதை வாங்கலாம், எதைத் தொடக்கூடாது

பாஸ்டன், பிலடெல்பியா போன்ற ஊர்களின் நினைவுப்பொருள் கடைகளில், பழங்காசு நகல்களைப் பழைய தோல்தாள் போல அச்சிட்ட அட்டையில் ஒட்டி விற்கிறார்கள். பைன் மர ஷில்லிங் (மாசசூசெட்ஸ் குடியேற்றத்தின் வெள்ளிக் காசு), ஸ்பானிய எட்டு ரியால், 1776 கான்டினென்டல் டாலர், 1787 ஃபியூஜியோ சென்ட் (செப்புக் காசு) எனப் பொதுவாக நாலைந்து நகல்கள் இருக்கும். பிள்ளைகளுக்கு வரலாறு காட்ட நல்ல பொருள். ஆனால் அட்டையிலிருந்து பிரிந்த காசுதான் தொல்லை. இருபது வருடம் கழித்து யாரோ ஒருவர் பரணில் கண்டெடுத்து, புதையல் என்று நம்பிவிடுவார்.

முதலில் பார்க்க வேண்டியது 'காப்பி' என்ற ஆங்கில முத்திரை (COPY; குடிக்கிற காப்பி அல்ல). 1973ஆம் ஆண்டுச் சட்டப்படி அமெரிக்காவில் நகல் காசுகளில் இதைக் குழிவாகப் பதிக்க வேண்டும். சாதாரண அளவுக் காசில் எழுத்தின் உயரம் 2 மி.மீ., சொல்லின் மொத்த அகலம் 6 மி.மீ. குறையக்கூடாது. முத்திரை இருந்தால் நகல் என்பது உறுதி. இல்லாவிட்டால் அசல் என்று ஆகிவிடாது: 1973க்கு முன் செய்த நினைவுப்பொருளாக இருக்கலாம், அல்லது முத்திரையைச் சுரண்டி எடுத்திருக்கலாம். சுரண்டிய இடம் சற்றுப் பள்ளமாக, பக்கத்துப் பரப்பை விட வேறு பளபளப்போடு தெரியும். விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் தப்பாது.

பொட்டல நகல்கள் பெரும்பாலும் ஈயம் அல்லது துத்தநாகக் கலவையில் வார்த்தவை. எழுத்தோரங்கள் சோப்பு கரைந்த மாதிரி மழுங்கியிருக்கும். பத்து மடங்கு லென்ஸில் குமிழிக் குழிகளும், விளிம்பைச் சுற்றி அச்சு சேர்ந்த கோடும் தெரியும். அந்தக் கோட்டை அரம் போட்டு மறைத்திருந்தால் அரக்கீறல் தெரியும்.

அடுத்து அடர்த்திச் சோதனை. தராசில் தண்ணீர்க் குவளையை வைத்து அளவைப் பூஜ்ஜியமாக்கி, காசை நூலில் கட்டி, அடியிலோ பக்கத்திலோ படாமல் நீரில் தொங்கவிடுங்கள். காசின் எடையை அப்போது காட்டும் எண்ணால் வகுத்தால் அடர்த்தி. பைன் மர ஷில்லிங்கின் சட்ட எடை 72 கிரெயின் (பழைய எடை அலகு), அதாவது 4.67 கிராம். நல்ல வெள்ளியானால் நீரில் 0.45 காட்டி, அடர்த்தி 10.4 வாக்கில் வரும். 0.1 கிராம் தராசு இதற்கு உதவாது; 0.4 என்றோ 0.5 என்றோ காட்டிக் கணக்கைக் குலைத்துவிடும். 0.01 கிராம் தராசிலும் மூன்று முறை அளப்பது நல்லது. காசில் ஒட்டிய குமிழியை ஈரத் தூரிகையால் துடைக்காவிட்டால் அடர்த்தி குறைவாக வரும்.

கான்டினென்டல் டாலரில் இந்த வித்தை பலிக்காது. அசல்களில் பெரும்பாலானவை வெள்ளீயம், அதன் அடர்த்தி 7.3; நகலின் துத்தநாகம் 7.1. இரண்டும் பக்கத்துப் பக்கம். இங்கே விளிம்புதான் சாட்சி: அசலில் இரட்டை இலைக் கோலம் ஓடும். நகல்களிலும் சாதி உண்டு. 1876 பிலடெல்பியா நூற்றாண்டுக் கண்காட்சியை ஒட்டி மான்ட்ரோவில் டிக்கசன் அடித்தவை வார்ப்பல்ல, அச்சில் அடித்தவை. அவற்றுக்குத் தனியாகச் சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள். 1960களில் ராபர்ட் பாஷ்லோ அந்த வழியில் மறுபடி அடித்தவை அதற்குக் கீழே. வேடிக்கை என்னவென்றால், அசலே அமெரிக்கக் காசுதானா என்று 2018இல் காசு ஆய்வாளர்கள் எரிக் கோல்ட்ஸ்டீனும் டேவிட் மெக்கார்த்தியும் கேட்டார்கள். ஐரோப்பாவில் அடித்து விற்ற பதக்கம் என்பது அவர்கள் வாதம்.

ஃபியூஜியோவின் ஒரு பக்கத்தில் சங்கிலிபோல் கோத்திருக்கும் வளையங்களைப் பாருங்கள். மெலிந்த வளையமென்றால் 1787 அல்ல, 1860 வாக்கில் வந்த 'நியூ ஹேவன் மறுஅச்சு'. அதையும் பொட்டலக் காசோடு சேர்த்து எறிந்துவிடாதீர்கள், நல்ல விலை உண்டு. ஷில்லிங்கில் 1856 வாக்கில் நியூயார்க்கின் தாமஸ் வையட் அடித்த போலிகளும் இன்று சேகரிப்புப் பொருள்தான்.

தொடக்கூடாதவை இணையத்தில் வரும் புதிய செப்புப் போலிகள். உண்மையான ஒரு காசிலிருந்து அச்சைப் பிரதியெடுத்துச் செம்பிலேயே அடிக்கிறார்கள். எடை, அடர்த்தி இரண்டிலும் தேறிவிடலாம். மாட்டிக்கொள்வது தழும்பில். மூலக் காசில் இருந்த கீறலும் நசுங்கலும் எல்லாப் பிரதிகளிலும் அதே இடத்தில் விழும். பழைய ஏலப் படங்களோடு ஒப்பிட்டு, இரு காசுகளில் ஒரே கீறல் கண்டால் ஒன்றாவது போலி, பெரும்பாலும் இரண்டுமே. முகப்பு அச்சில் விளிம்பு பதியாது என்பதால், 1794 சென்ட் போல விளிம்பில் எழுத்துள்ள காசில் அதைத் தனியாகத்தான் செய்தாக வேண்டும், அங்கேதான் சொதப்புவார்கள். விளிம்புப் படம் கேளுங்கள். விற்பவர் தர மறுத்தால் பணம் அனுப்ப வேண்டாம்.