தானியங்கிக் கேமராவா, ரேடியோ காலரா? ஆப்பிரிக்கப் புல்வெளிக்காட்டில் முதுகலை ஆய்வு செய்யப் போகிறவர்களுக்கு

தென்னாப்பிரிக்காவில் வனவிலங்குச் சூழலியல் படிக்கப் போகிறவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: ஆய்வுக்கு, விலங்கு கடக்கும்போது தானே படமெடுக்கும் தானியங்கிக் கேமரா வைப்பதா, விலங்கின் கழுத்தில் இருப்பிடத்தைப் பதிவு செய்யும் ஜி.பி.எஸ். காலர் என்ற பட்டையை மாட்டுவதா? சேர்ந்த முதல் சில மாதங்களுக்குள்ளேயே இதை முடிவு செய்தாக வேண்டும். பணம், அனுமதி, எந்தப் பருவத்தில் காட்டுக்குள் போவது என்று எல்லாமே அதைப் பொறுத்துத்தான் அமையும்.

க்ரூகர் தேசியப் பூங்காவின் மேற்கு எல்லையை ஒட்டிய தனியார் காப்பகம் ஒன்றில் சிறுத்தையையும் புள்ளிக் கழுதைப்புலியையும் பற்றி ஆய்வு செய்தபோது நான் கேமராவைத் தேர்ந்தெடுத்தேன். இன்று கேட்டாலும் அதையேதான் எடுப்பேன். காலர் விஷயத்தில் என் அனுபவம், சக ஆய்வாளர்கள் விலங்கைப் பிடித்த நாட்களில் கூட நின்று கைகொடுத்ததோடு சரி. அந்தப் பக்கம் நான் சொல்வதை அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள்.

கேமரா ஓர் இடத்தைப் பார்க்கிறது, காலர் ஒரு விலங்கைப் பின்தொடர்கிறது. இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். விலையைப் பற்றியும் ஒரே வரியில் சொல்லிவிடலாம்: செயற்கைக்கோள் வழியே தகவல் அனுப்பும் ஒரு காலரின் விலைக்கு நடுத்தரமான கேமராக்கள் பத்தாவது வாங்கலாம். கால்நடை மருத்துவர் கட்டணம், ஹெலிகாப்டர் வாடகை, மாதாமாதம் செயற்கைக்கோள் சந்தா எல்லாம் அதற்கு மேல்.

முதலில் காலருக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடுகிறேன். ஆப்பிரிக்க வனவிலங்கு ஆய்வில் கடந்த இருபது ஆண்டுகளில் வந்த பெரிய கண்டுபிடிப்புகள் சில, காலர் இல்லாமல் நடந்திருக்கவே முடியாதவை. நமீபியா–போட்ஸ்வானா எல்லையிலுள்ள சோபே ஆற்றங்கரைக்கும் போட்ஸ்வானாவின் நெக்சாய் பான் தேசியப் பூங்காவுக்கும் இடையே வரிக்குதிரைகள் போக வர ஏறத்தாழ 500 கிலோமீட்டர் வலசை செல்வது, 2012-ல் எட்டுப் பெண் வரிக்குதிரைகளுக்குக் காலர் மாட்டியதால்தான் வெளியுலகுக்குத் தெரிந்தது. அதே போட்ஸ்வானாவில் ஒகவாங்கோ கழிமுகத்துக்கும் மக்காடிக்காடி உப்புப் படுகைக்கும் நடுவே 1968-ல் போடப்பட்ட கால்நடைத் தடுப்பு வேலி 2004-ல் அகற்றப்பட்டது. சில ஆண்டுகளுக்குள்ளேயே வரிக்குதிரைகள் அந்தப் பழைய வழியில் மறுபடி நடக்கத் தொடங்கின. வேலி நின்றது 36 ஆண்டுகள். அவ்வளவு காலம் உயிரோடிருந்து வழியை நினைவில் வைத்திருந்த வரிக்குதிரை ஒன்றுகூட இருந்திருக்காது. இதைக் காட்டிக்கொடுத்தது காலர். லண்டன் ராயல் கால்நடை மருத்துவக் கல்லூரி வடிவமைத்த காலர்கள் ஐந்து சிவிங்கிப்புலிகளின் 367 ஓட்டங்களைப் பதிவு செய்தன. அதிகபட்ச வேகம் மணிக்கு 93 கிலோமீட்டர். பெரும்பாலான வேட்டைகளில் அவை அந்த வேகத்தின் பக்கத்தில்கூடப் போவதில்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

இவற்றையெல்லாம்விட என்னை உலுக்கியது ஜிம்பாப்வேயின் ஹ்வாங்கே தேசியப் பூங்காவில் நடந்த சிங்க ஆய்வு. 1999 முதல் 2004 வரை அடையாளமிட்டுப் பின்தொடர்ந்த 62 சிங்கங்களில் 34 இறந்துபோயின. அந்த 34-ல் 24 சிங்கங்களைக் கொன்றவர்கள், பணம் கட்டி வேட்டையாட வந்தவர்கள். பூங்காவுக்குள் பாதுகாப்பாக வாழ்கிற சிங்கம் எல்லைக்கு வெளியே கால் வைத்ததும் என்ன ஆகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சியம் கிடையாது. 2015-ல் வேட்டையில் கொல்லப்பட்டு உலகமே பேசிய செசில் சிங்கமும் அதே ஆய்வின் காலரோடுதான் இறந்தது.

இவ்வளவையும் மதித்தும் நான் ஏன் கேமரா பக்கம் போனேன்? ஒரே ஒரு காரணம்தான் கடைசியில் தீர்மானித்தது. கருவி பழுதானால் சரிசெய்யப் போகிறவர் யார்?

காலர் மாட்டும் நாளை நினைத்துப் பாருங்கள். மயக்க ஊசி பட்ட பெண் சிங்கம் புதர் ஓரம் படுத்திருக்கிறது. மயக்கத்திலும் அதன் கண்கள் மூடுவதில்லை. அவை உலர்ந்துவிடாமல் களிம்பு தடவி, மேலே துணி போட்டு மூடுகிறார்கள். ஒருவர் மூச்சை எண்ணுகிறார், ஒருவர் சில நிமிடத்துக்கொரு முறை உடல் வெப்பத்தைப் பார்த்துச் சொல்கிறார். வெப்பம் ஏறினால் தண்ணீர் ஊற்ற வேண்டும். காலரைச் சுற்றிவிட்டு, கழுத்துக்கும் பட்டைக்கும் நடுவே விரல்களை நுழைத்து இடைவெளி பார்க்கிறார்கள். இறுகினால் புண், தளர்ந்தால் முன்னங்கால் மாட்டிக்கொள்ளும். மரையை முடுக்கிய பிறகு, காலரில் ஒட்டியிருக்கும் சிறு காந்தத்தை எடுத்தால்தான் கருவி வேலை செய்யத் தொடங்கும். அந்தக் காந்தத்தை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்ட கணத்திலிருந்து உங்கள் ஆய்வு உங்கள் கையில் இல்லை.

அதன் பிறகு மின்கலம் எதிர்பார்த்ததற்கு முன்பே தீரலாம். செயற்கைக்கோள் தொடர்பு அறுந்து, விலங்கு இருக்கும் திசையை மட்டும் காட்டும் பழைய முறை ரேடியோ ஒலி மட்டும் மிஞ்சலாம். இன்னொரு சிங்கம் விளையாட்டாகக் கடித்து ஆன்டெனாவை உடைக்கலாம். இளம் ஆணாக இருந்தால் கூட்டத்தை விட்டு விலகி, உங்கள் ஆய்வுப் பகுதியைத் தாண்டி எங்கோ போய்விடலாம். எது நடந்தாலும் திரும்பப் போய்ச் சரிசெய்ய ஒரே வழி மறுபடி மயக்க ஊசிதான். அதற்கு மருத்துவர் நேரம் ஒதுக்க வேண்டும், காப்பக நிர்வாகம் சம்மதிக்க வேண்டும், அறநெறிக் குழு ஒப்புதல் தர வேண்டும். தென்னாப்பிரிக்காவில் அச்சுறுத்தலுக்கு உள்ளான, பாதுகாக்கப்பட்ட உயிரினங்களுக்கான 2007-ஆம் ஆண்டு விதிகளின் கீழ் அனுமதியும் வேண்டும். வெயில் உச்சத்தில் ஊசி போட மாட்டார்கள், விலங்கின் உடல் தாங்காது. பழுதான ஒரு பெட்டிக்காக ஓர் உயிரை இரண்டாம் முறை மயக்குவது சரியா என்று அறநெறிக் குழு கேட்பதும் நியாயம்தான். முதுகலை ஆய்வுக்குக் கிடைப்பது இரண்டு ஆண்டு. அதில் களவேலைக்கு மிஞ்சுவது ஒரு வறண்ட பருவமும் ஒரு மழைப் பருவமும். நான்கு காலரில் ஒன்று போனால் ஆய்வில் கால்பங்கு போயிற்று.

அந்த நான்கும் நன்றாக வேலை செய்தாலும் ஒரு சிக்கல் உண்டு. மணிக்கொரு முறை இருப்பிடம் பதிவானால் ஆயிரக்கணக்கான புள்ளிகள் குவியும், வரைபடம் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் விலங்குகள் நான்குதான். அந்த நான்கை வைத்துக்கொண்டு ‘இந்தப் பகுதிச் சிறுத்தைகள் இப்படி’ என்று எழுதினால் தேர்வாளர் விடமாட்டார், விடவும் கூடாது.

கேமராவும் பழுதாகும், சொல்லப்போனால் காலரைவிட அதிகமாகவே பழுதாகும். நவம்பர் மாத மழைக்குப் பிறகு புல் இடுப்பளவு வளர்ந்துவிடும். காற்றில் அசையும் ஒவ்வொரு புல்தாளையும் கேமரா படமெடுக்கும், ஒரே வாரத்தில் நினைவக அட்டை நிரம்பிப்போகும். வறண்ட மாதங்களில் காட்டுத்தீ. யானை தும்பிக்கையால் பிடித்து இழுக்கும். கழுதைப்புலி எதையும் கடித்துப் பார்க்காமல் விடாது. இரும்புக் கூடு போட்டு மரத்தோடு போல்ட் அடித்தும் மூடி நெளிந்து கிடந்த கேமராக்களைக் கழற்றியிருக்கிறேன். கூட்டுக்குள் எறும்பு குடியேறும், கண்ணாடியில் சிலந்தி வலை கட்டும். ஆனால் இதில் எதைச் சரிசெய்யவும் யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை. ஒரு ஜீப், கூடத் துப்பாக்கியோடு வரும் காவலர், ஒரு புல்வெட்டும் கத்தி, உதிரி மின்கலம் போதும், அன்றே சரியாகிவிடும். நாற்பது கேமராவில் மூன்று போனால் மூன்று போனதுதான், ஆய்வு நிற்பதில்லை. எந்த விலங்கின் மேலும் கை வைக்காமல் இது நடக்கிறது என்பதும் எனக்கு முக்கியம்.

பராமரிப்பில் விட்டுவிடக் கூடாத ஒன்று உண்டு. மின்கலம் மாற்றும்போது சில கேமராக்களில் தேதியும் நேரமும் தொடக்கத்துக்குத் திரும்பிவிடும். அதைக் கவனிக்காவிட்டால் நள்ளிரவில் வந்த சிறுத்தை உங்கள் அட்டவணையில் நண்பகலில் நடமாடும். ஒவ்வொரு முறை போகும்போதும் சிறு பலகையில் இட எண், தேதி, நேரம் எழுதி, அதைக் கேமரா முன் பிடித்து ஒரு படம் எடுத்துவிட வேண்டும். பின்னால் எவ்வளவு குழப்பம் வந்தாலும் அந்தப் படத்தை வைத்துக் கணக்கைத் திருத்திக்கொள்ளலாம்.

கேமராவின் உண்மையான சுமை படங்களைப் பிரிப்பதில் இருக்கிறது. தான்சானியாவின் செரெங்கெட்டியில் 2010-ல் தொடங்கி 1,125 சதுர கிலோமீட்டரில் 225 கேமரா வைத்தார்கள். 2013 வரை சேர்ந்த படத்தொகுப்புகள் (ஒரு முறை தூண்டப்பட்டதும் அடுத்தடுத்து எடுத்த படங்கள் ஒரு தொகுப்பு) 12 லட்சம். அவற்றில் விலங்கு இருந்தவை 3,22,653. மீதி எல்லாம் புல், நிழல், வெயில். பதிவு செய்த தன்னார்வலர்களே 28,000 பேருக்கு மேல் சேர்ந்துதான் அதைப் பிரித்து முடித்தார்கள். முதுகலை மாணவருக்கு அந்தப் படை கிடைக்காது. ஆனால் 2018-ல் அதே செரெங்கெட்டிப் படங்களைக் கொண்டு பயிற்றுவித்த கணினி, 99 சதவீதத்துக்கும் மேற்பட்ட படங்களைத் தன்னார்வலர்களுக்கு இணையான துல்லியத்தோடு அடையாளம் கண்டது. இன்று மெகாடிடெக்டர் போன்ற இலவச மென்பொருள்கள் வெற்றுப் படங்களைத் தனியே ஒதுக்கித் தந்துவிடுகின்றன. பத்தாண்டுக்கு முன் நான் இந்தக் கட்டுரையை எழுதியிருந்தால் இந்த இடத்தில் தயங்கியிருப்பேன். இப்போது தயக்கமில்லை.

கேமராவுக்கு எல்லைகள் உண்டு. சிறுத்தையையும் கழுதைப்புலியையும் வரிக்குதிரையையும் உடல் குறியை வைத்துத் தனித்தனியே பிரிக்கலாம். சிறுத்தையின் இடப்பக்கப் புள்ளியும் வலப்பக்கப் புள்ளியும் வேறு என்பதால், ஓர் இடத்துக்கு எதிரெதிரே இரண்டு கேமரா வைக்க வேண்டும். எத்தனை சிறுத்தை என்று கணக்கிட இதைவிட நல்ல வழியை நான் பார்க்கவில்லை. சிங்கத்திடம் இது எடுபடாது. அதன் மீசைப் புள்ளிகள் தெளிவாகத் தெரியும் அளவுக்கு நெருங்கிய படம் அபூர்வம். இன்னொன்று, கேமராவின் உணரி விலங்கின் வெப்பத்துக்கும் பின்புலத்தின் வெப்பத்துக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் பிடிக்கிறது. க்ரூகர் அமைந்துள்ள தாழ்நிலப் பகுதியான லோவெல்டில் கோடை நண்பகலில் தரையே கொதிக்கும்போது சில விலங்குகள் பதிவாகாமலே கடந்துவிடும். இதை ஆய்வேட்டில் வெளிப்படையாக எழுதிவிட வேண்டும். காண்டாமிருகப் படங்களை இடம் தெரியும்படி யாருக்கும் அனுப்பக் கூடாது. தென்னாப்பிரிக்காவில் 2014-ல் மட்டும் 1,215 காண்டாமிருகங்கள் கள்ளவேட்டையில் கொல்லப்பட்டன. படத்தோடு சேர்ந்து போகும் இடக்குறிப்பு, தவறான கையில் சிக்கினால் துப்பாக்கிக்கு வழிகாட்டும்.

காலரைத்தான் எடுக்க வேண்டும் என்று நானே சொல்லும் ஆய்வுகளும் இருக்கின்றன. வலசை, யானைகளின் வழித்தடம், இளம் ஆண் சிங்கம் எல்லை தாண்டிக் கால்நடை மேயும் நிலத்துக்குள் போவது, ஒரு நாளில் வெகுதூரம் ஓடும் ஆப்பிரிக்கக் காட்டுநாய்க் கூட்டம், இவற்றையெல்லாம் கேமராவால் பிடிக்க முடியாது. அடர்ந்த மழைக்காட்டில் எது சிறந்தது என்று சொல்லும் அளவுக்கு எனக்குப் பழக்கமில்லை, என் வேலை முழுக்கத் திறந்த புல்வெளிக்காட்டில்தான்.

அப்படிப்பட்ட கேள்விதான் உங்களை இழுக்கிறது என்றால், நீங்களே காலர் வாங்கி ஆரம்பிக்காதீர்கள். ஹ்வாங்கே போல ஏற்கெனவே பல ஆண்டுகளாகக் காலர் மாட்டிவரும் திட்டத்தோடு சேருங்கள். மருத்துவர், அனுமதி, உதிரி காலர் எல்லாம் அங்கே தயாராக இருக்கும். ஒன்று பழுதானாலும் முந்தைய ஆண்டுகளின் தரவு உங்களைத் தாங்கும். சேருவதற்கு முன் மேற்பார்வையாளரிடம் இரண்டைக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்: அந்தத் தரவில் எந்தப் பகுதி உங்கள் ஆய்வேட்டுக்கு உரியது, படிப்பு முடிந்த பிறகும் அதை வைத்துக் கட்டுரை எழுத உங்களுக்கு உரிமை உண்டா?