பிசி மூட்டை எடுக்கும் முன்: வெர்ஜின், ரீபிராசஸ், அக்ரிலிக், பிசி-ஏபிஎஸ்

மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டியின் முன்பக்கம், உள்ளே இருக்கும் வோல்ட் மீட்டர் தெரிகிற மாதிரி கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கும், பார்த்திருப்பீர்கள். கிணற்றடிக் கொட்டகையில் வெயிலும் தூசியும் பட்டுக் கிடக்கும் அந்த மூடியைத்தான் பாலக்காடு பக்கம் கஞ்சிக்கோட்டில் எங்கள் பட்டறையில், பிசி என்கிற பாலிகார்பனேட் பிளாஸ்டிக்கை உருக்கி அடிக்கிறோம். வாங்குகிறவர்கள் எல்லாம் மாநில எல்லையான வாளையாருக்கு அந்தப் பக்கம், கோயம்புத்தூர் பேனல்காரர்கள். மாதத்துக்கு ஒரு போனாவது வரும்: "பிசியிலேயேதான் போடணுமாங்க? அக்ரிலிக் போட்டா ஆகாதா? இல்லாட்டி ரீபிராசஸ்ல போட்டுக் குடுங்களேன்." வெர்ஜின் என்றால் புதுச் சரக்கு, ரீபிராசஸ் என்றால் பழைய பிளாஸ்டிக்கை அரைத்து உருக்கி மறுபடி குருணையாக்கியது. ஆளுக்குக் கொஞ்சமாகச் சொல்லி வந்ததை இங்கே மொத்தமாக எழுதுகிறேன், புதிதாக மெஷின் போடுகிறவர்களுக்கும் உதவும்.

அக்ரிலிக்கிலிருந்து ஆரம்பிக்கலாம். அதன் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. வெளிச்சம் விடுவதில் பிசி 88, 89 சதவீதம் என்றால் அக்ரிலிக் 92. வெயிலில் வருடக்கணக்கில் நின்றாலும் லேசில் மஞ்சளாகாது, துணி போட்டுத் துடைத்தால் சீக்கிரம் கீறல் விழாது. இந்த இரண்டிலும் பிசி பின்னால்தான். வெயிலின் யுவி கதிரைத் தடுக்கும் மருந்து சேர்க்காத சாதாரண கிரேடை வெளியே மாட்டினால் மஞ்சளடிக்கும், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் அடி தாங்குவது என்று வந்துவிட்டால் கணக்கே வேறு. வெட்டுப் போட்ட துண்டை அடித்துப் பார்க்கும் ஐசாட் சோதனையில் அக்ரிலிக் மீட்டருக்கு 20 ஜூல் பக்கம் நின்றுவிடும், நல்ல பிசி 600-ஐத் தாண்டிப் போகும். கொட்டகையில் ஸ்பானர் கை நழுவி மூடியில் விழுந்தால் அக்ரிலிக் அப்போதே சில்லாகிவிடும், பிசியில் ஒரு வெள்ளைத் தழும்பு விழும், அவ்வளவுதான்.

அதைவிடப் பெரிய காரணம் நெருப்பு. அக்ரிலிக் ஒருமுறை பற்றினால் தீரும்வரை எரியும். பிசியில் தீயை எடுத்துவிட்டால் தானாக அணையும். சாதாரண கிரேடே யுஎல் 94 என்ற தீச் சோதனையில் வி-2 வாங்கும், அதைவிட உயர்ந்த வி-0 வேண்டுமென்றால் அதற்குத் தனி கிரேடு உண்டு. உள்ளே மோட்டாருக்குக் கரண்ட் விடும் கான்டாக்டர் சுவிட்ச் ஒவ்வொரு முறை விழும்போதும் பொறி தட்டுகிற பெட்டிக்கு அக்ரிலிக் மூடி போடுவதை நான் ஒத்துக்கொள்வதில்லை. பெயர்ப் பலகை, கை எட்டாத உயரத்து விளக்கு மூடி என்றால் அக்ரிலிக்தான் நல்லது, தாராளமாகப் போடுங்கள்.

பிசியோடு ஏபிஎஸ் என்ற இன்னொரு பிளாஸ்டிக்கைக் கலந்த பிசி-ஏபிஎஸ் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அதில் மறுபக்கம் தெரியாது, ஆகவே மூடிக்கு ஆகாது. அடிப்பெட்டிக்கு நல்ல சரக்கு: 240 முதல் 280 டிகிரிக்குள் நன்றாக ஓடும், 90 டிகிரியில் மூன்று நான்கு மணி நேரம் காய்ந்தால் போதும், அடர்த்தி 1.20-க்குப் பதில் 1.15-க்குள் இருப்பதால் அதே டையில் (அச்சில்) பீஸ் எடையும் கொஞ்சம் குறையும். ஆனால் ஏபிஎஸ்-இல் உள்ள ரப்பருக்கு வெயில் ஆகாது. வீட்டுக்குள் மாட்டும் பெட்டிக்குச் சரி, கிணற்றடிக்குச் சரியில்லை.

ஆக, கண்ணாடி மூடிக்கு பிசிதான். எந்த பிசி என்பதில்தான் உண்மையான சண்டை.

வெர்ஜினா, ரீபிராசஸா?

நம் ஊரில் கிடைக்கும் வெர்ஜின் பிசி இறக்குமதிச் சரக்கு. ஜெர்மனியின் பேயரில் ஹெர்மன் ஷ்னெலும் அமெரிக்க ஜிஇ-யில் டேனியல் ஃபாக்ஸும் 1953-இல் தனித்தனியாகக் கண்டுபிடித்த பொருள் இது. பேயருடையது மாக்ரோலான் ஆனது, இப்போது கோவெஸ்ட்ரோ கையில். ஜிஇ-யுடையது லெக்சான், 2007-இல் சாபிக் வாங்கிக்கொண்டது. அப்புறம் தைவானின் வொண்டர்லைட், கொரியாவின் டிரைரெக்ஸ், ஜப்பானின் பான்லைட் என்று வரிசையாக வந்தன. எந்த பிராண்டு நல்லது என்று கேட்டால் என் பதில் எப்போதும் ஒன்றுதான்: பிராண்டைவிட கிரேடைப் பாருங்கள். ஒரே எம்எஃப்ஐ, அதாவது உருகி ஓடும் அளவு, உள்ள இரண்டு பிராண்டுகளுக்கு நடுவே நான் பார்த்த வித்தியாசம் கொஞ்சம்தான். ஒரே பிராண்டில் எம்எஃப்ஐ 6-க்கும் 22-க்கும் நடுவே இருப்பதோ மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

எம்எஃப்ஐ என்பது 300 டிகிரியில் 1.2 கிலோ எடை அழுத்தும்போது பத்து நிமிடத்தில் எத்தனை கிராம் வழிகிறது என்ற கணக்கு. எண் சின்னது என்றால் மூலக்கூறு நீளம், அடி தாங்கும், ஆனால் டைக்குள் தள்ள அழுத்தம் அதிகம் வேண்டும். எண் பெரிது என்றால் மெல்லிய சுவரிலும் ஓடிவிடும், பலம் குறையும். நாலு மூலையிலும் ஸ்க்ரூ ஏறும் எங்கள் மூடிக்கு 10. எல்இடி விளக்கின் மெல்லிய மூடி அடிக்கிறவர்களுக்கு 20 பக்கம் சரி. இதில் ஒரு எச்சரிக்கை: கனத்தைக் கூட்டினால் பலம் கூடும் என்று நினைக்காதீர்கள். 3 மில்லியில் காட்டும் அந்த 600, 6 மில்லி கனத்தில், உள்மூலை கூர்மையாக இருந்தால், பல மடங்கு இறங்கிவிடும். டை செய்யும்போதே உள்மூலைக்கு நல்ல ரேடியஸ் கொடுத்துவிட வேண்டும்.

இப்போது ரீபிராசஸுக்கு வருகிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு டீலர், "வெர்ஜினுக்குச் சமம், எம்எஃப்ஐ 10" என்று சொல்லி ஆறு மூட்டை இறக்கினார். குருணை பார்க்கப் பளபளப்பாக இருந்தது. மெஷினிலும் அருமையாக ஓடியது, வெர்ஜினைவிட லேசாக ஓடியது, அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். அடித்த மூடியைச் சிமென்ட் தரையில் வைத்துச் சுத்தியால் ஒரு தட்டு தட்டினேன். நல்ல பிசி என்றால் சுத்தி துள்ளும். இதுவோ அப்பளம் மாதிரி மூன்றாக உடைந்தது. சோதனைக்குக் கொடுத்ததில் எம்எஃப்ஐ 30-க்கும் மேலே. காரணம் எளிது. பழைய சிடிகளும் பிசிதான், ஆனால் அந்த நுண்ணிய பள்ளங்களுக்குள் வழிந்து ஓட வேண்டும் என்பதற்காகவே எம்எஃப்ஐ 60, 70 உள்ள சரக்கில் செய்தவை. அதை அரைத்துக் கலந்தால் பார்வைக்குக் கண்ணாடி, பலத்தில் ஒன்றுமில்லை. பழைய ஹெட்லைட் கண்ணாடியை அரைத்தால் மேலே இருக்கும் கடினப் பூச்சும் கூடவே வந்து புள்ளி புள்ளியாக விழும்.

அதிலிருந்து எந்த மூட்டை வந்தாலும் பிரித்தவுடன் ஒரு கைப்பிடியை வெள்ளைத் தாளில் கொட்டி வெளிச்சத்தில் பார்ப்பேன். வெர்ஜினிலும் லேசான நீலச் சாயல் இருக்கும், பிசிக்கு இயல்பான மஞ்சளை மறைக்க அவர்கள் சேர்ப்பதுதான். நீலம் தூக்கலாக இருந்தாலோ, குருணை ஒன்றுக்கொன்று அளவு மாறினாலோ, நடுவே கறுப்புப் புள்ளி தெரிந்தாலோ பில்லில் என்ன எழுதியிருந்தாலும் அது ரீபிராசஸ். சந்தேகம் தீராவிட்டால் கொச்சி ஏலூரில் மத்திய அரசின் பிளாஸ்டிக் நிறுவனமான சிப்பெட் இருக்கிறது, பரிசோதனைக்குக் கொடுக்கலாம். டீலரிடம் லாட் நம்பரோடு டெஸ்ட் சர்டிஃபிகேட் கேளுங்கள், மூட்டையில் அச்சடித்த லாட் நம்பரோடு அது ஒத்துப்போக வேண்டும்.

எங்கள் சொந்த ரன்னரை, அதாவது டைக்குள் சரக்கு ஓடும் வழியில் மிஞ்சும் துண்டை, நாங்களே அரைத்துப் போடுகிறோமே, அதுவும் ரீபிராசஸ்தானே என்று கேட்கலாம். அது என்ன கிரேடு, எத்தனை முறை உருகியது என்று எனக்குத் தெரியும், அதுதான் வித்தியாசம். அதிலும் 20 சதவீதத்துக்கு மேல் போடுவதில்லை. முன்பு அதே கிரைண்டரில்தான் நைலானும் அரைத்தோம். பிசியில் நைலான் கொஞ்சம் கலந்தாலும் பிசியின் மூலக்கூறுச் சங்கிலி அறுந்துபோகும் என்பது புரிந்த பிறகு பிசிக்குத் தனி கிரைண்டர் வாங்கிவிட்டோம்.

டிரையர்: ஹாட் ஏரா, டிஹியுமிடிஃபையரா?

சரக்கை விட்டுவிட்டு டிரையரைப் பேசுகிறானே என்று நினைக்க வேண்டாம், பிசியில் இரண்டும் ஒன்றுதான். ஈரம் 0.02 சதவீதத்துக்கு மேல் இருக்கிற குருணை மெஷினில் சரக்கை உருக்கும் 300 டிகிரி பேரலுக்குள் போனால், அந்தத் தண்ணீரே பிசியின் சங்கிலியை அறுக்கும், கரியமில வாயு கிளம்பும், பீஸில் வெள்ளி வெள்ளியாகக் கோடு விழும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய வெர்ஜினும் சரியாகக் காயாவிட்டால் பேரலுக்குள்ளேயே மட்டமான ரீபிராசஸ் ஆகிவிடும்.

இங்கேதான் ஊர் வித்தியாசம் பேசுகிறது. கோயம்புத்தூருக்கு ஐப்பசி கார்த்திகை மழைதான் பெரிது, ஆனி ஆடியில் அங்கே காற்று மட்டும் அடிக்கும். 40 கிலோமீட்டர் இந்தப் பக்கம் எங்களுக்கு இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால் சுவரே வியர்க்கும். ஹாட் ஏர் டிரையர் வெளிக்காற்றைத்தான் இழுத்துச் சூடாக்கி ஊதுகிறது, காற்றில் இருக்கும் ஈரத்தை எடுப்பதில்லை. அதனால் கோவை நண்பரின் பட்டறையில் 120 டிகிரியில் நாலு மணி நேரத்தில் ஒழுங்காகக் காய்ந்த அதே லாட், எங்களிடம் ஜூன் மாதத்தில் ஆறு மணி நேரம் ஆகியும் கோடு போட்டது. ராத்திரி ஷிஃப்ட் ஆபரேட்டர் தம்பி போன் செய்து, "அண்ணா, மறுபடியும் வெள்ளிக் கோடு விழுதுங்க, ஸ்பீடு குறைச்சும் போகல" என்பான். ஸ்பீடில் என்ன இருக்கிறது, காற்றில் அல்லவா இருக்கிறது.

டிஹியுமிடிஃபையர் டிரையர் காற்றை உலர்த்தியின் வழியே விட்டு, பனிநிலையை (காற்றின் ஈரம் துளியாக மாறத் தொடங்கும் வெப்பநிலை) மைனஸ் 30 டிகிரிக்குக் கொண்டுவந்து ஊதும். விலை அதிகம், கரண்ட்டும் கூட இழுக்கும். இருந்தாலும் வாளையாருக்கு இந்தப் பக்கம் பிசி ஓட்டுகிறவர்களுக்கு இது ஆடம்பரம் இல்லை. அந்தப் பக்கம் இருப்பவர்கள் நல்ல ஹாட் ஏர் டிரையரை வைத்து வருடத்தில் பெரும்பகுதியை ஓட்டிவிடலாம்.

இரண்டில் எதை வாங்கினாலும் குருணை காய்கிற தொட்டியான ஹாப்பர் அளவில் ஏமாந்துவிடாதீர்கள். எங்கள் ஷாட், அதாவது ஒருமுறை டைக்குள் தள்ளும் சரக்கு, 180 கிராம், சைக்கிள் 45 செகண்ட், மணிக்கு 80 ஷாட், அதாவது 14.4 கிலோ. நாலு மணி நேரம் காய வேண்டுமென்றால் ஹாப்பருக்குள் எப்போதும் 58 கிலோ இருக்க வேண்டும். மெஷினோடு வந்த 25 கிலோ ஹாப்பரில் குருணை இருப்பதே ஒன்றே முக்கால் மணி நேரம்தான். டிரையர் எவ்வளவு நல்லதாக இருந்து என்ன பயன்?

காய்ந்ததா என்று பார்க்க ஒரு வழி, செலவே இல்லாதது. ஹாட் பிளேட்டில் இரண்டு கண்ணாடிச் சில்லுகளை வைத்து 270 டிகிரிக்குச் சூடாக்கி, ஹாப்பரின் அடியிலிருந்து நாலைந்து குருணையை எடுத்து ஒன்றின் மேல் வைத்து, மற்றதால் மூடி மரக்குச்சியால் அழுத்துங்கள். குருணை தட்டையாகிப் பரவும். உள்ளே கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தால் மெஷினை ஓட்டலாம். ஊசிமுனைக் குமிழ் நிறைய தெரிந்தால் இன்னும் காயவில்லை. ஒன்றிரண்டு குமிழ் காற்று சிக்கியதாகவும் இருக்கலாம், அப்போது மறுபடி ஒருமுறை பார்த்துவிடுங்கள். கோடு விழாத பீஸெல்லாம் நல்ல பீஸ் என்று நம்புவதுதான் ஆபத்து. லேசான ஈரத்தில் கோடு தெரியாமலே பலம் போயிருக்கும், அதனால்தான் சுத்தித் தட்டலை ஷிஃப்ட்டுக்கு ஒருமுறை வைத்திருக்கிறோம்.

ஞாயிற்றுக்கிழமை மெஷினை அணைப்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். உருகிய பிசி பேரலுக்குள் இருக்கும்போதே முழுதாக ஆறிவிட்டால் இரும்பைப் பிடித்துக்கொள்ளும், சுருங்கும்போது உள்ளே சுழலும் மெஷின் ஸ்க்ரூவின் மேல்தோலையே பிய்த்து எடுக்கும். ஒன்று, ஹெச்டிபிஇ பிளாஸ்டிக் விட்டுத் தள்ளிக் காலி செய்யுங்கள், இல்லாவிட்டால் 170 டிகிரியில் ஹீட்டரை விட்டுவைத்துப் போங்கள்.

வாங்கிய பிறகு வருகிற வெடிப்பு

ஒருமுறை கோவையிலிருந்து நாற்பது மூடிகள் திரும்பி வந்தன, எல்லாவற்றிலும் ஸ்க்ரூ ஓட்டையைச் சுற்றி மயிரிழை வெடிப்பு. வெர்ஜின் சரக்கு, நன்றாகக் காய்ந்தது, சுத்தித் தட்டலிலும் தேறியது. நேரில் போய்ப் பார்த்தேன். பெட்டி பூட்டும் பையன் தட்டைத்தலை ஸ்க்ரூவை இறுக்கி முடித்துவிட்டு, மேலே ஒட்டியிருந்த ஸ்டிக்கர் பசையைத் தின்னர் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தான். தின்னரில் டொலுயீனும் அசிட்டோனும் இருக்கும், இறுக்கத்தில் இருக்கும் பிசிக்கு அது விஷம். அக்ரிலிக் போட்டிருந்தாலும் இதே கதிதான் ஆகியிருக்கும். சோப்புத் தண்ணீருக்கு மாற்றச் சொன்னேன், ஆப்பு மாதிரி இறங்கும் அந்தத் தட்டைத்தலைக்குப் பதில் வாஷரோடு பான் ஹெட் ஸ்க்ரூ போடச் சொன்னேன், வெடிப்பு நின்றது. உள்ளே பிவிசி வயர் மூடியில் உரசிக் கிடந்தாலும், வயரை வளையவைக்கச் சேர்க்கும் எண்ணெய் மெதுவாக பிசிக்குள் இறங்கி வெடிக்க வைக்கும். வயரைக் கட்டி ஒதுக்கிவிடுங்கள்.

இப்போது நாங்கள் எடுப்பது எம்எஃப்ஐ 10, யுவி கிரேடு, 25 கிலோ மூட்டை. கொச்சி ஸ்டாக்கா கோவை ஸ்டாக்கா என்பதை அன்றைய விலையும் லாட்டும் தீர்மானிக்கும். 2017-இல் ஜிஎஸ்டி வரும்வரை சரக்கு வண்டி வாளையார் செக்போஸ்ட்டில் வரிசையில் நிற்கும் என்பதற்காகவே கொச்சியில் எடுத்தோம், இப்போது அந்தக் கவலை இல்லை. ரீபிராசஸ் வேண்டும் என்று வருகிறவர்களுக்கு கேபிள் கிளாம்ப், கறுப்பு ஸ்பேசர் மாதிரி உடைந்தாலும் யார் கையையும் கரண்ட் தொடாத பொருள்களை அதில் அடித்துத் தருகிறேன், பில்லிலும் ரீபிராசஸ் என்றே எழுதிவிடுகிறேன். மூடியை மட்டும் அதில் அடிப்பதில்லை.