இரைவிழுங்கிச் சிலந்திப்பேன்கள்: சில வருடங்கள் பயன்படுத்திய பிறகு

பசுமைக்குடிலில் வெள்ளரியும் குடமிளகாயும் போடுகிறேன். இலைச்சாற்றை உறிஞ்சும் நுண்ணிய பூச்சியான செஞ்சிலந்திக்கு மருந்து அடிப்பதை விட்டு, அதைப் பிடித்துத் தின்னும் இரைவிழுங்கிப் பேன்களுக்கு மாறிச் சில வருடங்கள் ஆகின்றன. வேலை செய்கிறதா என்றால், செய்கிறது, ஆனால் இலை வெளுத்து நூலாம்படை கட்டிய பிறகு விட்டால் பெரும்பாலும் வீண்தான். நல்ல வெப்பத்தில் செஞ்சிலந்தி சுமார் ஒரு வாரத்திலேயே முட்டையிலிருந்து வளர்ந்து அடுத்த தலைமுறைக்கு முட்டையிடத் தொடங்கிவிடும், அதனால் இலையில் முதல் வெள்ளைப் புள்ளிகள் தெரியும்போதே விட்டுவிட வேண்டும்.

இந்தப் பேன்களில் நான் அதிகம் நம்பும் வகை பைட்டோசீயுலஸ் பெர்சிமிலிஸ். செஞ்சிலந்தி இனத்தைத் தவிர வேறெதையும் அது சீண்டாது, இரை தீர்ந்தால் பட்டினியில் செத்துவிடும் அல்லது இடம்பெயர்ந்துவிடும், ஆகவே மறுபடி பூச்சி வந்தால் மறுபடி வாங்கத்தான் வேண்டும். ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே போனால் முட்டைகள் சரியாகப் பொரிக்காது. வறண்ட காலத்துக்கு நியோசீயுலஸ் கலிஃபோர்னிகஸ் என்ற வகை பரவாயில்லை, மகரந்தம் தின்றும் சமாளிக்கும், ஆனால் பெர்சிமிலிஸின் வேகம் இதற்குக் கிடையாது. இலைப்பேன், வெள்ளை ஈ ஆகிய பூச்சிகளுக்கு ஆம்ப்ளிசீயஸ் ஸ்விர்ஸ்கி வகை. குடமிளகாய் பூத்த பிறகு விட்டால் மகரந்தத்திலேயே தங்கிவிடுகிறது. தவிடு நிரப்பிய சின்னப் பைகளாக வரும், செடியில் மாட்டிவிட்டால் சில வாரங்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்துகொண்டிருக்கும்.

லென்ஸ் இல்லாமல் இதில் இறங்கவே வேண்டாம். பெர்சிமிலிஸ் ஆரஞ்சு நிறம் என்று எல்லோரும் சொல்வார்கள், பகல் குறையும் குளிர்காலத்தில் பெண் செஞ்சிலந்தியும் அதே நிறத்துக்கு மாறும் என்பதைச் சொல்ல மாட்டார்கள்! நிறத்தை விடுங்கள், ஓட்டத்தைப் பாருங்கள்: இலையின் அடிப்பக்கம் அங்குமிங்கும் வேகமாக ஓடினால் நம் ஆள். முட்டையும் வித்தியாசம்தான், நம்முடையது நீள்வட்டம், கொஞ்சம் பெரிசு, செஞ்சிலந்தியுடையது சின்ன உருண்டை.

பேன்கள் அடைத்த பாட்டில் வந்ததும் கொஞ்சத்தை வெள்ளைத் தாளில் கொட்டிப் பாருங்கள். ஒருமுறை எனக்கு வந்ததில் பாதிக்கு மேல் அசையவே இல்லை, படம் எடுத்து அனுப்பியதால்தான் மாற்றிக் கொடுத்தார்கள். பெர்சிமிலிஸைச் சேமித்து வைக்கலாம் என்று நினைக்காதீர்கள், பாட்டிலை மெதுவாக உருட்டிவிட்டு வந்த அன்றே தூவிவிடுங்கள்.

அப்புறம் மருந்து. பைரித்ராய்டு வகைப் பூச்சிமருந்து அடித்த செடியில் பல வாரம் கழித்து விட்டாலும் பேன்கள் சாகும். சோப்புக் கரைசல் காய்ந்த பிறகு பயமில்லை. எனக்கு இன்னும் தலைவலி தருவது இலையில் வெள்ளைப் பொடியாகப் படரும் சாம்பல் நோய்தான், அதற்குக் கந்தகத்தைத் தாராளமாக அடித்தால் பேன்களும் அடிபடும், அதனால் வெள்ளரியில் இப்போதெல்லாம் அந்த நோயைத் தாங்கும் ரகமாகத் தேடித்தான் விதை வாங்குகிறேன்.