மூங்கில் கழிவுப் பலகை: அகர்தலா ஈரத்தில் சில வருடங்கள்

திரிபுராவில் ஊதுவத்திக் குச்சி சீவும் பட்டறைகளுக்குப் போனால் முதலில் கண்ணில் படுவது கழிவுக் குவியல்தான். ஒரு மூங்கிலில் குச்சியாகத் தேறுவது கொஞ்சம். கணு, தோல், சீவல் என்று மிச்சமெல்லாம் பெரும்பாலும் அடுப்புக்குத்தான் போகிறது. அதை நொறுக்கி, காயவைத்து, பிசின் கலந்து, சூடான பிரஸ்ஸில் அழுத்தினால் பலகை. வேலைக்காக அகர்தலா வந்த பிறகு வீட்டின் தடுப்புச் சுவர், அலமாரி, சிங்க் அடிப்பெட்டி எல்லாவற்றையும் இதில்தான் செய்தேன்.

தடுப்புச் சுவரில் குறையே இல்லை. இத்தனை மழைக்காலம் பார்த்தும் வளையவில்லை. பூச்சி வருமோ என்றுதான் பயந்தேன். மூங்கிலில் மாவுச்சத்து உண்டு, துளைவண்டு அதைத் தேடித்தான் வரும். அதே அறையில் இருக்கும் பதப்படுத்தாத மூங்கில் முக்காலியின் கீழே மஞ்சள் மாவு கொட்டிக்கொண்டே இருக்கிறது. இந்தப் பலகையிலோ ஒரு துளைகூட இல்லை. போராக்ஸ், போரிக் ஆசிட் கரைசலில் ஊறிய சீவல் என்பதால்தான்.

சிங்க் அடிப்பெட்டி கதை வேறு. அதற்கான பலகையை வேறு கடையில் வாங்கினேன். ஈரம் தாங்கும் பீனால் பிசினில் செய்தது என்று அடித்துச் சொன்னார்கள். வந்திறங்கியது யூரியா பிசின் பலகை. முதல் மழைக்காலம் முடிவதற்குள் அடி விளிம்பு உப்பி, மைக்கா பிரிந்து, விரலால் தேய்த்தாலே சீவல் சீவலாக உதிர்ந்தது. இதற்கு மூங்கிலைக் குறை சொல்வதை என்னால் ஏற்கவே முடியாது. யூரியா பிசின் ஈரத்தில் விட்டுவிடும், பீனால் பிசின் தாங்கும். பெங்களூரு பிளைவுட் ஆராய்ச்சி நிறுவனம் மூங்கில் பாயில் கூரைத் தகடே உருவாக்கியது பீனால் பிசினை நம்பித்தான். பூச்சில்லாத விளிம்பைப் பாருங்கள்: பீனால் என்றால் கரும்பழுப்பு, யூரியா என்றால் வெளிர் நிறம். புதிதில் கண் எரிகிற நெடியும் யூரியா பலகையில்தான் அதிகம்.

ஆசாரிக்கு இது கொஞ்சம் படுத்தல்தான். மூங்கில் தோலில் சிலிக்கா இருப்பதால் சாதா ரம்பம் சீக்கிரம் மழுங்கிவிடும், கார்பைடு பல் வேண்டும். விளிம்பில் ஸ்க்ரூ போடுமுன் துளையிடச் சொல்லுங்கள், இல்லையென்றால் பிளந்துவிடும்.

சுவருக்கும் அலமாரிக்கும் தாராளமாக வாங்கலாம். தண்ணீர் படும் இடமென்றால் பீனால் பலகை மட்டும், அதுவும் அறுத்த விளிம்பெல்லாம் சீலர் (ஈரம் புகாமல் அடைக்கும் பூச்சு) பூசிய பிறகு. புது அடிப்பெட்டியை அப்படித்தான் செய்திருக்கிறேன், இதுவரை உப்பவில்லை.